சுவருக்குள் ஓடும் தண்ணீர்

வீடும் பாடும்



சென்ற இதழில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது கவனிக்கவேண்டியவற்றை எழுதியிருந்தோம். இந்த முறை ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் கொண்டோ மாடிவீடுகளில் குடியேறும் நம்மவர்கள் பலரும் கேட்கிற ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம். யன்னலுக்குக் கீழே, அல்லது சுவரோடு சுவராக, அல்லது குளியலறைக் கூரைக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருக்கும். பனிக்குச் சூடும் வெயிலுக்குக் குளிரும் தருவது அதுதான். இங்கே அதற்கு ஃபான் கொயில் என்று பெயர். அது பழுதாகிப் புதிதாக ஒன்றைப் பூட்டவேண்டி வந்தால் என்ன செய்வது?

நாங்கள் பொறியியல் படித்தவர்கள் அல்ல. ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்று, அகதியாக வந்து, தகரம் வெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் நிற்கிறவர்கள். ஆனால் வேலையிடத்தில் பழகியதும், வேலைகாரரோடு நின்று பார்த்ததும் கொஞ்சம் இருக்கிறது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு விசிறி. அதற்கு முன்னாலோ மேலேயோ மெல்லிய அலுமினியத் தகடுகள் கோத்த செப்புக் குழாய்ச் சுருள். தூசு பிடிக்க ஒரு பில்ரர். சுருளுக்குக் கீழே தண்ணீர் ஏந்துகிற தட்டு. அந்தத் தட்டிலிருந்து ஒரு வடிகுழாய். தண்ணீரைத் திறந்து மூட வால்வு. சுவரில் தேர்மோஸ்ரற்.

கட்டிடத்தின் அடியிலோ உச்சியிலோ பெரிய கொதிகலனும் குளிராக்கும் இயந்திரமும் இருக்கின்றன. பனிக்காலத்தில் சுடுதண்ணீரும் கோடையில் ஏறக்குறைய 7 பாகை செல்சியஸ் குளிர்தண்ணீரும் சுவருக்குள்ளே நிற்கும் நெடுங்குழாய்கள் வழியாக எல்லா வீடுகளுக்கும் போகின்றன. அந்தத் தண்ணீர் நம்முடைய சுருளுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிறது. விசிறி அதன் மேலாகக் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான்.

பல கட்டிடங்களில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு குழாய்கள் மாத்திரமே உண்டு. அங்கே ஒரு நேரத்தில் சூடு அல்லது குளிர், ஏதாவது ஒன்றுதான் வரும். வசந்தத்தில் ஒரு தடவையும் இலையுதிர்காலத்தில் ஒரு தடவையும் நிர்வாகம் மாற்றிவிடும். புதிதாக வந்தவர்கள் மே மாதத்தில் ஒரு குளிர்நாள் வந்ததும் தேர்மோஸ்ரற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டி பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவதுண்டு. ஆகவே காசு செலவழிக்க முன்னர், கட்டிடம் மாற்றப்பட்டுவிட்டதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெட்டி நம்முடையது, தண்ணீர் எல்லோருடையது

ஊரில் கிணற்றடித் தாங்கி ஆறேழு மீற்றர் உயரத்தில் இருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு குழாய் வெடித்தால் சாக்கைச் சுற்றி, கேற் வால்வைப் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போய் வரலாம். இங்கே கதை வேறு. 20 மாடிக் கட்டிடமொன்றின் கீழ்மாடிக் குழாயில் 50 மீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர்த் தூணின் பாரம் நிற்கிறது. அது கார் ரயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு இணைப்பு கழன்றால் வருவது நம்முடைய வீட்டுத் தண்ணீர் மட்டுமல்ல, அந்த நெடுங்குழாயில் நிற்கும் தண்ணீர் முழுவதும் வழி தேடும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சீட்டுக்காசு எடுத்துப் புதுப் பெட்டி வாங்கியது. தெரிந்த ஒருவர் சனிக்கிழமை பின்னேரம் வந்து, வீட்டுக்குள்ளே இருந்த சின்ன வால்வைப் பூட்டிவிட்டுப் பழைய சுருளைக் கழற்றினார். அந்த வால்வு பல வருடமாக ஒருவரும் தொடாத வால்வு. பிடி திரும்பியது, உள்ளே அடைக்கவில்லை. ஊத்தைத் தண்ணீர் கம்பளத்தை நனைத்துக் கீழ்மாடிக் கூரைக்கு இறங்கியது. சனிக்கிழமை என்றபடியால் அலுவலகம் பூட்டு. காவலாளிக்கு அடைக்கும் இடம் தெரியாது. பெட்டியின் விலையை விடப் பலமடங்கு பணம் கீழ்வீடுகளைத் திருத்தப் போனது. அந்தக் குடும்பத்தில் இருவரும் இரண்டு வேலை செய்கிறவர்கள். அந்தக் கடன் தீரும்வரை ஊருக்கு அனுப்புவது நின்றுபோனது.

ஆகவே முதல் வேலை, நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம். ஒன்ராறியோவில் 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியச் சட்டப்படி, பொதுவான பகுதிகளில் மாற்றம் செய்ய நிர்வாக சபையின் அனுமதி வேண்டும். எது உங்களுடையது, எது பொதுவானது என்பது வீடு வாங்கும்போது தந்த 'டிக்ளரேஷன்' பத்திரத்தில் எழுதியிருக்கும். கட்டிடத்துக்குக் கட்டிடம் அது வேறுபடும். கடிதத்தில் மூன்று விடயம் கேளுங்கள்: இந்தப் பெட்டி யாருடைய பொறுப்பு, எந்த அளவுப் பெட்டி பூட்டலாம், எந்த நாளில் நெடுங்குழாயை அடைத்துத் தருவார்கள். பதில் எழுத்தில் வரவேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2006ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைத் திருத்திவைப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. நீங்கள் மூடியைக்கூடக் கழற்றவேண்டாம். திகதி போட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்திருங்கள். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் சொந்தக்காரர் சூடு தரும் வாடகை வீட்டில் 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது நகரச் சட்டம். குறைந்து, கடிதத்துக்கும் அசைவில்லை என்றால் 311 இலக்கத்தில் நகரசபைக்கு முறையிடலாம். முறையிட்டால் எழுப்பிவிடுவார்கள் என்று பயந்து, பிள்ளைகளைக் கம்பளியால் சுற்றிப் படுக்கவைக்கிற வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். முறையிட்டதற்காக ஒருவரை எழுப்ப இங்கே சட்டம் இடம் தராது.

ஊர்க் கைப்பழக்கம் ஆபத்தாகும் இடம்

நம்மவர்களில் பலர் கைவேலை தெரிந்தவர்கள். மோட்டார் சைக்கிளைத் திண்ணையில் பிரித்துப் பூட்டியவர்கள், வீட்டுக்குத் தாங்களே வயர் இழுத்தவர்கள். அந்தத் துணிவைக் குறைசொல்லவில்லை. அதனால்தான் நாம் எங்கு போனாலும் பிழைக்கிறோம். ஆனால் மின்சாரத்தில் ஒரு வேற்றுமையை மனதில் ஆழமாகப் பதித்துவைக்க வேண்டும்.

இலங்கையில் பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல் கம்பி, பச்சை புவிக்கம்பி. கனடாவில் கறுப்புத்தான் உயிர்க்கம்பி. வெள்ளை நொதுமல். பச்சை, அல்லது உறையில்லாத வெறும் செம்பு, புவிக்கம்பி. ஊர்ப் பழக்கத்தில் "கறுப்புத்தானே, ஒன்றும் செய்யாது" என்று பிடிக்கிற கை இங்கே உயிர்க்கம்பியைப் பிடிக்கிறது. "ஊரில் 230 வோல்ற்றையே தொட்டவன், இங்கே 120 தானே" என்பதும் வீண்பேச்சு. 120 வோல்ற்றும் ஆளைக் கொல்லும். அதுவும் ஃபான் கொயிலில் செப்பும் தகரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தைத் திறக்க முன்னர் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சுவிச்சை நிற்பாட்டி, அதன்மேல் தன்னுடைய சொந்தப் பூட்டைப் போட்டு, பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். திறப்பு அவரவர் சட்டைப்பையில். வேலை முடியும்வரை முதலாளி வந்தாலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. வீட்டிலும் அந்த ஒழுங்கு வேண்டும். தேர்மோஸ்ரற்றை நிற்பாட்டினால் மின்சாரம் நின்றது என்று அர்த்தமில்லை. பிறேக்கர் பெட்டியில் அந்தச் சுற்றை நிற்பாட்டி, அதன்மேல் ரேப் ஒட்டி, "தொடவேண்டாம், ஆள் வேலை செய்கிறார்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அம்மம்மா குசினியில் லைற் எரியவில்லை என்று பிறேக்கரைத் தட்டிப்போடாமல் இருப்பதற்கு அதுதான் பாதுகாப்பு.

யாரைக் கூப்பிடுவது?

ஒன்ராறியோவில் பிளம்பர், ஸ்ரீம்ஃபிற்றர், மின்னியலாளர், குளிரூட்டித் தொழிலாளர் ஆகிய தொழில்களுக்குச் சான்றிதழ் கட்டாயம். ஆளுடைய பெயரை 'ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோ'வின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். காசு கொடுத்து மின்வேலை செய்விப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரைத்தான் பிடிக்க வேண்டும். மாகாணத்தின் மின்சாரப் பாதுகாப்பு அதிகார சபை அந்த உரிமத்தைப் பார்த்துக்கொள்கிறது. உரிம இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. நல்ல தொழிலாளி தானே எடுத்து நீட்டுவார்.

இன்னும் இரண்டு கடதாசி கேளுங்கள். ஒன்று, அவருடைய பொறுப்புக் காப்புறுதி. மற்றது, தொழிலாளர் இழப்பீட்டுச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கிளியரன்ஸ் கடிதம். உங்கள் வீட்டில் வேலை செய்து காயப்பட்டவருடைய கதை நாளைக்கு உங்கள் தலையில் விழாமல் இருப்பதற்கு அது தேவை.

"எங்கடை ஆள், கையிலே காசு கொடுத்தால் பாதி விலை" என்ற பேச்சு நமது சமூகத்தில் எப்போதும் உண்டு. எங்கடை ஆளுக்கு வேலை கொடுப்பதை நாங்களும் விரும்புகிறோம். சான்றிதழ் எடுத்த தமிழ்த் தொழிலாளர் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுங்கள். கடதாசி இல்லாத ஆளுக்குக் கொடுத்து, பிறகு வெள்ளம் வந்தால் உறவும் போகும், காசும் போகும். காப்புறுதிக்காரர் வந்ததும் கேட்பது "யார் செய்தது, பில் எங்கே?" என்றுதான்.

வேலை நடக்கும் நாள்

வேலைகாரருக்குத் தேநீர் கொடுங்கள். கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டாதீர்கள். ஸ்பனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் கீழே சொல்பவற்றைக் கண்ணால் பார்க்கலாம்.

1. தண்ணீர் உண்மையில் அடைபட்டதா? பிடி குழாயின் நீளவாட்டில் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ஆனால் பிடியை மட்டும் நம்பக்கூடாது. நெடுங்குழாயைக் கட்டிட ஆட்கள் அடைத்து வடியவிட்ட பின்னர்தான் முதல் இணைப்பைக் கழற்ற வேண்டும். வார நாளில், காலையில் செய்வியுங்கள்.

2. மின்சாரம் உண்மையில் நின்றதா? நல்ல மின்னியலாளர் சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள ஒரு இடத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு நம்முடைய கம்பியில் பார்ப்பார். பிறகு மறுபடியும் முதலிடத்தில் பார்ப்பார். கருவி செத்துப்போயிருந்தால் எல்லாக் கம்பியும் செத்ததாகத்தான் காட்டும். வேலை முடிவில் புவிக்கம்பி தகரப் பெட்டியோடு இறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. பழைய குழாயைச் சுற்றியிருப்பது என்ன? 1980களுக்கு முன்னர் கட்டிய கட்டிடங்களில் குழாயைச் சுற்றிய வெள்ளைப் பூச்சில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். கனடா அதை 2018இல்தான் தடைசெய்தது. அதை உடைத்தால் வரும் தூசு சுவாசப்பைக்கு நஞ்சு. சந்தேகமென்றால் வேலையை நிற்பாட்டி, நிர்வாகத்திடம் பரிசோதனை அறிக்கை கேளுங்கள்.

4. பெட்டி உறுதியாக, மட்டமாக நிற்கிறதா? கூரையில் தொங்கும் பெட்டியானால் நான்கு மூலையிலும் தண்டுகள் கொங்கிறீற்றில் பிடித்திருக்க வேண்டும். வெறும் ஜிப்சம் பலகையில் ஆணி போட்டு நிறுத்தக்கூடாது. சுருளுக்குள் தண்ணீர் நிறைந்தால் பாரம் கூடும். கொங்கிறீற்றில் துளைபோட முன்னரும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உள்ளே இறுக்கிய இரும்பு வடங்கள் ஓடுகிற கட்டிடங்கள் உண்டு.

5. இணைப்பை இறுக்கும்போது இரண்டு ஸ்பனர் பிடிக்கிறாரா? ஒன்று திருப்ப, மற்றது எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க. ஒரு ஸ்பனரால் முறுக்கினால் மெல்லிய செப்புக் குழாய் உள்ளே முறுகிவிடும். அது அன்றைக்கு ஒழுகாது, ஆறு மாதம் கழித்து ஒழுகும்.

6. குழாய் முழுவதும் உறை போட்டிருக்கிறதா? குளிர்ச் சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வியர்க்கும். அதே கதைதான் இங்கும். அறை 25 பாகையிலும் ஈரப்பதன் 60 சதவீதத்திலும் இருந்தால், 16 பாகையில் உள்ள எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீர் படியும். 7 பாகைக் குழாய் நன்றாக வியர்க்கும். ஆகவே வால்வு, வளைவு, இணைப்பு எல்லாவற்றையும் சேர்த்து இடைவெளியில்லாமல் உறை போட்டு ஒட்ட வேண்டும். ஒரு அங்குலம் விட்டாலும் அந்த அங்குலம் கோடை முழுவதும் சுவருக்குள் சொட்டும். பூஞ்சணம் அங்கேதான் பிறக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விடயம் அல்ல.

7. வடிகுழாய் சரிந்திருக்கிறதா? ஒரு அடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் நல்லது. மூடியைப் பூட்ட முன்னர், ஏந்துதட்டில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். முழுவதும் வடிந்து போகவேண்டும். தட்டில் தேங்கி நின்றால் மூட விடாதீர்கள்.

கடைசியில் தண்ணீரை மெதுவாகத் திறந்து, சுருளிலுள்ள காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஒரு துளி ஈரமும் கடதாசியில் தெரியும். அரை மணித்தியாலம் விட்டு மறுபடியும் ஒற்ற வேண்டும். பிறகுதான் மூடி. மின்வேலைக்கான சான்றையும் பில்லையும் வாங்கி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.

மூடி திறந்திருக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடுவது நல்லது. சுருளின் தகடுகள் பிளேட்டைப் போலக் கையை வெட்டும்.

நாமே செய்யக்கூடியவை

பில்ரரை மாற்ற ஆள் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று பொதுவாகச் சொல்வார்கள். மிளகாய் வறுத்து, மீன் பொரித்து, தாளிக்கிற நம்முடைய வீடுகளில் அதைவிடக் கெதியாக எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். மாற்றும்போது பிறேக்கரை நிற்பாட்டிவிட்டு மாற்றுங்கள். பில்ரரில் அம்புக்குறி இருந்தால் அது காற்று ஓடும் பக்கத்தைக் காட்டவேண்டும். சமைக்கும்போது அடுப்பு விசிறியைப் போடுங்கள்.

கோடை தொடங்க முன்னர் ஏந்துதட்டைப் பார்த்து, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, வடிகிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு முன்னால் சோபாவை ஒட்டிப் போடாதீர்கள். அதன்மேல் ஈர உடுப்புக் காயப்போடாதீர்கள். பனிக்காலத்தில் பெட்டிக்குப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கடுங்குளிரில் சுருளுக்குள் தண்ணீர் உறைந்தால் செம்பு வெடிக்கும். உறைந்திருக்கும்வரை தெரியாது. உருகும்போதுதான் வீடு நனையும்.

பெட்டி பழுதாகித் திருத்தக் காத்திருக்கும் நாட்களில் மின் ஹீற்றர் பாவிப்பதானால் நேரே சுவர்ப் பிளக்கில் போடுங்கள். நீட்டுவயரில் போடாதீர்கள். கட்டில், திரைச்சீலை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். படுக்கைக்குப் போகும்போது நிற்பாட்டுங்கள். அடுப்பின் அவனைத் திறந்துவைத்து வீடு சூடாக்குவதை ஒருபோதும் செய்யவேண்டாம்.

புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு இத்தனை கடிதமும் கடதாசியும் பெரிய தொல்லையாகத் தோன்றலாம். ஒரு பெட்டி பூட்ட இவ்வளவா என்று கேட்பீர்கள். நமக்கு மேலேயும் கீழேயும் வேறு குடும்பங்கள் படுத்திருக்கின்றன. இரவு வேலை முடித்து விடிய வந்து கண்ணயர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுடைய கூரைதான் நம்முடைய நிலம். மேல்மாடியில் பெட்டி பூட்டுகிறவர் எப்படிச் செய்யவேண்டும் என்று நாம் விரும்புவோமோ, அப்படியே நாமும் செய்விப்போம்.

உங்கள் கட்டிடத்தில் இதுபற்றி ஏற்பட்ட அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மாடிவீடுகளில் புகை எச்சரிக்கை மணிகள் பற்றி எழுதுவோம். அதுவரை வணக்கம்.